சட்டை மாட்டுகிற ஆணி

சனிக்கிழமை காலை, றஞ்சிதா ரீச்சர் கிணற்றடியில் பலகையைப் போட்டு இறால் உடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்தது. தபாற்கந்தோரில் பார்சல் கிடக்கிறதென்று முதல்நாள் துண்டு வந்திருந்தது. புருஷன் கனகசிங்கம் சைக்கிளில் போய் எடுத்து வந்தார். அவளுடைய கை முழங்கைவரை இறால் நாற்றம். ஆகவே உறையைக் கிழித்ததும், புத்தகத்தை முதல் முதலாகத் தடவிப் பார்த்ததும் அவர்தான்.

"இஞ்ச, உன்ட பேர் எவடத்த கிடக்கு?"

"முன்னுக்கு நாலு தாளைப் பிரட்டுங்க. பேரும் பக்கமும் போட்டிருப்பாங்க."

கனகசிங்கம் கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கெழுதுகிறவர். ஆங்கில எழுத்துகளை விரல் வைத்துக் கூட்டி வாசிப்பார். விரல் அவள் பெயரில் போய் முட்டியதும், "அடி சக்கை! உலகத்துப் பாட்டுக்காரரெல்லாம் ஒரு பக்கம், என்ட பொஞ்சாதி ஒரு பக்கம்" என்று ஒழுங்கையில் போகிற வருகிற சனத்துக்கே கேட்கச் சொன்னார்.

உண்மையும் அதுதான். இக்காலத்தில் ஆங்கிலத்தில் எழுதப்படும் கவிதைகளைப் பல நாடுகளிலிருந்தும் பொறுக்கி எடுத்துத் தொகுத்த புத்தகம் அது. வகுப்பில் உலகப் படம் விரித்துக் காட்டுகிற அவளுக்கே சில நாடுகளின் இடம் தெரியாது. மட்டக்களப்பிலிருந்து அவள் ஒருத்தி. பெயருக்குக் கீழே ஒரு வரி போட்டிருந்தார்கள்: சுனாமியில் உயிர் தப்பியவர், இலங்கை. பத்தொன்பது வருஷம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்ததைப் பற்றி ஒன்றும் இல்லை.

"மறுகா, எதைப் பத்தின பாட்டு?"

"கடலைப் பத்தி" என்றாள் றஞ்சிதா. பாட்டை அனுப்பிய அன்றும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

அது கடலைப் பற்றிய பாட்டு இல்லை.

அவள் கல்லடிக் கடற்கரைப் பக்கம் பிறந்தவள். தகப்பன் கரைவலைக்காரர். தாய் பாலசுந்தரிதான் அவளைப் பாலம் கடந்து கன்னியாஸ்திரிமாரிடம் ஆங்கிலம் படிக்க அனுப்பினாள். மகளுக்குக் கலியாணம் பேசியபோது, தன் தாய் தனக்குக் கொடுத்த வீட்டை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்பக்கத்து அடுக்களையோடு ஒதுங்கிக்கொண்டவளும் அவள்தான். இந்தப் பக்கத்து வழக்கம் அது. வீடு பெண்ணிடமிருந்து பெண்ணுக்குப் போகும். ஆண் பெண்ணுடைய வீட்டுக்கு வருவான். கனகசிங்கமும் கிரானிலிருந்து ஒரு தோல்பெட்டியோடு வந்தவர்தான். வந்த அன்று, "சட்டைய எங்க கொழுவுற?" என்று அவர் கேட்டதும், றஞ்சிதா அறைச் சுவரில் ஒரு ஆணி அடித்துக் கொடுத்தாள்.

அந்தச் சுவரையும் ஆணியையும் பாலசுந்தரியையும் கடல் ஒரே காலையில் கொண்டுபோனது. அத்திவாரம் மட்டும் மிஞ்சியது.

ஆறு மாதம் கழித்து, வாவிக்கு இந்தப் பக்கம் வீட்டுத்திட்டம் வந்தது. விண்ணப்பங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். ஒழுங்கையில் அது தெரிந்த பெண் அவள் ஒருத்திதான், அத்தனை குடும்பத்துக்கும் அவளே நிரப்பிக் கொடுத்தாள். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் புருஷனுடைய பெயரை எழுதுங்கள் என்றார்கள், எழுதினாள். ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. வீடு யாருடையது என்பது ஊருக்கே தெரியும், கடதாசியில் எந்தப் பெயர் கிடந்தால் என்ன? பின்னர் வீட்டுப் பத்திரங்கள், உறுதிகள் வந்தன. எல்லா உறுதியிலும் ஆண்களின் பெயர்.

அதைத்தான் அவள் பாட்டாக எழுதினாள். சுனாமிக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் பாட்டும் படம் கீறுதலும் சொல்லிக்கொடுக்க வந்த வெள்ளைக்கார ரீச்சர் ஒருத்தி, ஊருக்குத் திரும்பிப் போய், புத்தகம் ஒன்று சேர்க்கிறோம், ஏதும் எழுதியிருந்தால் அனுப்பு என்று கேட்டிருந்தாள். தமிழில் எழுதினால் வீட்டில் வாசிப்பார்கள், பள்ளிக்கூடத்தில் வாசிப்பார்கள். ஆங்கிலம் வீட்டில் யாரும் திறக்காத அலுமாரி. மகள் நிலக்சிக்கு அந்தப் பாஷை வரும்தான், ஆனால் வங்கியில் வேலை செய்கிற அந்தப் பிள்ளை பாட்டு வாசிக்கிற சாதி இல்லை.

கனகசிங்கம் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி அன்று பின்னேரமே ஒழுங்கை முழுக்கக் கொண்டு திரிந்தார். அடுத்த வீட்டு சீதேவிப்பிள்ளை வேலியால் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"ரீச்சர், உங்கட அவர் கோயிலுக்கு மடைப்பெட்டி தூக்கிற மாதிரியெல்லோ கொண்டு போறார்."

"போகட்டும் அக்கா. திரும்பி வாறத்துக்குள்ள சோறு ஆக்கிப்போடுவன்."

"அதில என்னகா எழுதின? எங்களையும் எழுதினதா?"

"உங்கட ஊட்டையும்தான் எழுதினது."

"ஐயோ, எங்கட ஊடு மழைக்கு ஒழுகுறத்தையா எழுதின?" என்று சீதேவிப்பிள்ளை வாயைப் பொத்தினாள். றஞ்சிதாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே வந்து இறாலுக்கு உப்புப் போட்டாள். போட்டோமா இல்லையா என்று தெரியாமல் மறுபடியும் போட்டாள்.

ஏனென்றால், பாட்டு எழுதியபோது வெறும் மனக்குறையாக இருந்தது இப்போது வாசல்வரை வந்து நின்றது. வைகாசியில் வடக்கே சண்டை முடிந்திருந்தது. கனகசிங்கத்தின் தம்பி அழகரத்தினம் முல்லைத்தீவில் பெண் எடுத்து, வழக்கப்படி அவளுடைய வீட்டோடேயே போய் இருந்தவர். கடைசி நாட்களில் ஷெல் விழுந்து அந்தப் பெண்சாதியும் செத்து, வீடும் போய், மூன்று பிள்ளைகளோடு வவுனியா முகாமில் கிடந்தார். மட்டக்களப்பு ஆட்களை விடப்போகிறார்கள், பொறுப்பெடுக்க உறவினர் வேண்டும் என்று செய்தி வந்தது. கனகசிங்கம் ஊர் அதிகாரி விதானையாரிடம் ஓடிப்போய்க் கையெழுத்து வைத்தார். அதில் றஞ்சிதாவுக்கு ஒரு மறுப்பும் இல்லை. பிள்ளைகளுக்குப் படுக்கை விரிப்புகூட வாங்கி வைத்துவிட்டாள்.

ஆனால் போன கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் வேறொன்று சொன்னார். உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் பேசியிருக்கிறாராம். வீட்டிலும் வளவிலும் அரைவாசியைத் தம்பி பேருக்கு எழுதப்போகிறாராம். "முகாமில கிடந்திட்டு வாறவன். இனி ஆரும் எழும்பு எண்டு சொல்லேலாத இடத்தில அவன் இருக்கோணும்" என்றார். சொல்லும்போது அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அதை அவள் முன்பு கண்டதில்லை. தாய் வீட்டில் அக்காமாரின் சொத்து, பிறகு பெண்சாதியின் சொத்து என்று வாழ்ந்த மனுஷன், ஐம்பத்திரண்டு வயதில் முதல் முறையாகத் தன்னுடையதென்று ஒன்றைக் கொடுக்கப்போகிறார். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? தாயில்லாத மூன்று பிள்ளைகளுக்கு முன்னால் கதவைச் சாத்தினவள் என்று ஊர் சொல்லும். சொல்லாமல் விட்டால், நிலக்சிக்கு அரை வீடு. மண்டூரில் பேசிவைத்த சம்பந்தக்காரர் முதலில் கேட்டதே, வீடு முழுக்கப் பிள்ளைக்குத்தானே என்றுதான்.

புத்தகம் வந்த மறுநாள், ஞாயிறு, இரண்டு விஷயம் நடந்தது. புதன்கிழமை அழகரத்தினமும் பிள்ளைகளும் வருகிறார்கள் என்று தகவல் வந்தது. மற்றது, நிலக்சி அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டாள்.

புத்தகத்தை மூடாமலே அடுக்களைக்கு வந்து நின்றாள்.

"அம்மா, இது கடலில்ல."

றஞ்சிதா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"ஊர் பேர் தெரியாத சனத்துக்கெல்லாம் சொல்லியாச்சு. இந்த ஊட்டுக்க இருக்கிற ஒராளுக்குச் சொல்ல ஏலாதா உங்களுக்கு?"

"சத்தம் போடாத புள்ள. அப்பா முன்னுக்கு இருக்கார்."

"இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை நொத்தாரிசிட்டப் போறாராம். நீங்க வகுப்புல 'சத்தமா வாசி' எண்டு பிள்ளைகளை அதட்டுற ஆள்தானே?"

அந்தச் சொல் தைத்தது. எத்தனை பிள்ளைகளை அப்படி அதட்டியிருப்பாள்! அவள் துருவலையைச் சரித்து வைத்தாள். சீலைத் தலைப்பில் கையைத் துடைத்து, மகளின் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு முன்னறைக்கு நடந்தாள்.

கனகசிங்கம் கதிரையில் வெறும் மேலோடு உட்கார்ந்து தம்பிக்காகப் பழைய மடக்குக் கட்டிலுக்கு நாடா பின்னிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கட்டிலைத் தள்ளி இடம் விட்டார்.

"என்ன, புத்தகமும் கையுமா?"

"நீங்க எல்லாருக்கும் காட்டுறீங்க. என்ன எழுதியிருக்கு எண்டு உங்களுக்குத் தெரியாது. தமிழில சொல்லட்டா?"

"சொல்லு, சொல்லு. நானும் கேக்கோணும் எண்டுதான் இருந்தனான்."

அவள் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு அதைப் பார்க்காமல் சொன்னாள். கவிதை மாதிரி வரவில்லை, பாடம் ஒப்புவிக்கிற மாதிரித்தான் வந்தது.

"எங்கட ஊரில சுவர் பொம்பிளைட. ஆம்பிள வந்து சட்டையக் கொழுவுவான், அந்த ஆணி அவன்ட. என்ட அம்மா எனக்குச் சுவர் தந்தா. நான் உனக்கு ஆணி தந்தன். கடல் ரெண்டையும் கொண்டுபோச்சு. பிறகு தூரத்தில இருந்து ஆக்கள் வந்து புதுசா சுவர் கட்டிச்சினம். கட்டி, அந்தச் சுவரைச் சட்டையிட்டக் குடுத்திட்டுப் போயிட்டினம். நான் என்ட கையெழுத்தாலேயே குடுத்தன். இப்ப நான் ராவில எழும்பித் தண்ணி குடிக்கப் போனாலும், ஆற்ற வீட்டில நடக்கிறன் எண்டு யோசிச்சுத்தான் காலை வைக்கிறன்."

நாடா அவருடைய விரலில் சுற்றியபடி நின்றது.

"அப்ப, அந்தச் சட்டை நானா?"

"ஓம்."

"இதை நான் முகைதீன்பாவாட கடையிலயும் காட்டினன். அவர்ட மகன் இங்கிலீசு படிச்சவன், வாசிச்சிருப்பான்." அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். "எனக்கெண்டு ஒண்டும் கேட்டதில்ல நான், றஞ்சி. ஒருநாளும் கேட்டதில்ல."

"தெரியும்." அவள் நிறுத்தவில்லை. இப்போது நிறுத்தினால் பிறகு வாயே திறக்கவராது. "தம்பி வரட்டும். மூண்டு பிள்ளைகளும் இஞ்சயே இருந்து படிக்கட்டும், படிச்சு முடிச்சு எத்தின காலம் இருந்தாலும் இருக்கட்டும். நான் எழும்பு எண்டு சொல்லமாட்டன். ஆனா உறுதிய என்ட பேருக்கு மாத்துங்க. அம்மாட வீட்டுக்குப் பதிலா வந்த வீடு அது. நிலக்சிக்குப் போகோணும். செவ்வாய்க்கிழமை நொத்தாரிசிட்ட நானும் வாறன். மாத்தித் தருவீங்களா?"

கனகசிங்கம் விரலில் சுற்றியிருந்த நாடாவை மெல்ல அவிழ்த்துக் கட்டில் சட்டத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். அரைவாசி பின்னிய கட்டில் நடுவில் தொய்ந்து கிடந்தது. எழும்பினார். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து ஒரு கையைப் போட்டார், மற்றக் கைக்கு இடம் தேடி ஒருகணம் தடுமாறினார். அடுக்களை வாசலில் நிலக்சி தேங்காய்ப் பாதியோடு நின்றாள்.

"சொல்லிப்போட்டுப் போங்க" என்றாள் றஞ்சிதா.

அவர் பொத்தானைப் பூட்டிக்கொண்டே அறையை விட்டு வெளியே போனார்.