சுத்தம் என்று எழுதிய சீட்டு

இருபத்திரண்டு வருடமாக அவள் செல்களைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறாள். ஊசியால் உறிஞ்சிய ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தால் போதும், நல்லது கெட்டதை அவள் கண் பிரித்துச் சொல்லிவிடும். முதல் தகட்டை எடுப்பதற்கு முன்பு மட்டும் அரை நிமிடம் கண்ணை மூடிக் கடவுளிடம் இரண்டு வார்த்தை பேசுவாள்.

அடுத்த மேசைக்காரருக்கு அது வேடிக்கை. கடவுள் என்றாலே முகத்தைச் சுளிக்கிற மனிதர். எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பதால் சோதனைக்கூடமே அவரை முசுடு என்றுதான் சொல்லும், அவர் காதுபடவே.

"மேடம், இன்னைக்கு மேலிடத்துல என்ன சொல்றாங்க?" என்பார்.

"உங்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு குடுக்கச் சொல்லி மனு போட்டிருக்கேன். பரிசீலனையில இருக்காம்" என்பாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. தகட்டில் பெயர் இருக்காது, எண்தான். ஒவ்வொன்றையும் இருவர் தனித்தனியாகப் பார்த்து, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் சீட்டை மடித்துப் பெட்டியில் போட வேண்டும். சாயங்காலம்தான் பிரிப்பார்கள். சொந்தக்காரருடைய தகடு என்று தெரிந்தால் தொடவே கூடாது.

அவள் தொட்டாள். கணவர் கழுத்தில் ஒரு கட்டி. ஊசி போட்டு எடுத்தபோது பக்கத்திலேயே நின்றவளுக்குத் தகட்டின் எண் மனப்பாடம். மற்றவர்கள் கையில் மட்டும் விட்டுவிட மனம் வரவில்லை. அன்று அரை நிமிடம் போதவில்லை. சுத்தமாக இருக்க வேண்டும், இனி வேறெதுவும் கேட்க மாட்டேன் என்று கெஞ்சிவிட்டுத்தான் குனிந்தாள். கண்ணாடியில் இருப்பது நேற்றே வந்து உட்கார்ந்துவிட்டது, இன்றைய வேண்டுதல் அதை மாற்றாது என்று அவளுக்கா தெரியாது? படித்த படிப்பு ஒரு பக்கம் இழுத்தது, பயந்த மனசு ஒரு பக்கம் இழுத்தது. தகடு முழுக்க நகர்த்திப் பார்த்தாள். சுத்தம் என்று எழுதிச் சீட்டை மடித்தாள். கண்ணீர் முட்டக் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

சாயங்காலம் முசுடு சீட்டுகளைப் பிரித்துக்கொண்டே வந்து, ஓர் எண்ணில் நின்றார். "மேடம், இதுல நாம ஒத்துப்போகல."

அவள் சீறினாள். சாயம் சரியில்லை, முதலில் உங்கள் மூக்குக்கண்ணாடியை மாற்றுங்கள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். அவர் தகட்டின் ஓரத்தில் மையால் ஒரு புள்ளி வைத்து, அவளுடைய நுண்ணோக்கியிலேயே பொருத்தி, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொத்து. பயிற்சிக்கு வருகிறவர்கள்கூடத் தவறவிடாத கெட்ட செல்கள். காலையில் அவள் அந்த இடத்தைத் தாண்டித்தான் போயிருந்தாள்.

"இது எங்க வீட்டுக்காரரோடது" என்றாள்.

முசுடு மேசையிலிருந்த போனை அவள் பக்கம் நகர்த்தினார். "விதியை மீறினதுக்கு நாளைக்குத் திட்டுறேன். இப்ப டாக்டருக்குப் போன் பண்ணுங்க."

அறுவை சிகிச்சை நடந்தது. பரவுவதற்கு முன்பே பிடித்துவிட்டோம், இனி பயமில்லை என்றார் மருத்துவர். அவளுக்கு யாருக்கு நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. சுத்தமான தகடு கேட்டவளுக்குக் கடவுள் முசுட்டைக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அவரிடமே சொல்லியும் விட்டாள். "நான் கண்ணைத் திறந்து பாத்தேன், அவ்வளவுதான். அவருக்கு எதுக்குப் பங்கு?" என்று சிடுசிடுத்தார். அவளுக்கு இரண்டு கணக்கும் சம்மதம்.

கணவரிடம் மட்டும் வாய் வரவில்லை. தையல் பிரித்த அன்று, கட்டிலோரம் உட்கார்ந்து ஒருவழியாகச் சொன்னாள்.

"ஏங்க, உங்க தகட்டை முதல்ல நான்தான் பாத்தேன். ஒண்ணுமில்லன்னு எழுதிட்டேன். அவர் பாக்கலன்னா..."

சாய்ந்திருந்த கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, இன்னும் தேறாத கரகரத்த குரலில் கேட்டார்.

"இத்தனை வருஷத்துல இந்த மாதிரி எத்தனை தப்பு பண்ணியிருப்ப?"

"இது ஒண்ணுதான்."

"அந்த ஒண்ணும் எனக்காகவா" என்று அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.