பாலைக் குன்றின் முடிக்கல்

வெயில் காயும் பாலைக்கு உரியவளான கொற்றவையின் திருமகனே, மலைகளின் முடியில் நிற்பவனே, நின் தாள் பணிந்து எழுதுகின்றேன்.

எண்பதுகளின் நடுவில், வெள்ளிக்கிழமையும் தைப்பூசமும் கூடிய நன்னாள் அது. ஜேர்மன் பேசும் ஊரான லாங்கன்தாலுக்கு அருகே ஒரு கற்பட்டறையில் கல் கழுவுபவனாகச் சேர்ந்து மூன்று வாரங்களாகியிருந்தன. மாத முடிவில் என்னை வைத்திருப்பதா, அனுப்புவதா என்பதை முதலாளி தீர்மானிப்பார்.

அமெரிக்கத் தேசியப் பூங்கா ஒன்றிலுள்ள பாலைக் குன்றை, ஒரு கண்காட்சிக்காக ஆளுயரத்தில் அமைத்துக்கொண்டிருந்தோம். உச்சியில் வன்மையான மணற்கல். கீழே மென்மையான களிப்பாறை அடுக்குகள். எப்போதோ பெய்யும் மழை சுற்றுப்புறத்தையெல்லாம் கரைத்துச் செல்ல, முடிக்கல்லின் காவலில் உள்ளது மட்டும் கோபுரம்போல் நிமிர்ந்து நிற்கும்.

கீழிருந்து மேலாக நான்கு அடுக்குகளுக்கும் சுண்ணக்கட்டியால் இலக்கமிடுவது என் வேலை. முடிக்கல்லுக்கு இலக்கம் இல்லை. பிள்ளையார் சுழி இடாமல் எதையும் எழுதியறியாத கை, முதலில் எதிர்ப்பட்ட அந்த முடிக்கல்லில் ‘உ’ என்று எழுதிவிட்டே மற்றவற்றுக்கு இலக்கமிட்டது.

பிற்பகலில் குன்று எழுந்தது. முதலாளி மழைபோல் நீர் தெளித்துச் சோதித்தார். உச்சி சேறாக வழிந்தது. என் சுழியை, உருவில் ஒத்த ‘2’ என்று படித்த கல் அடுக்குவோர் முடிக்கல்லை இரண்டாம் அடுக்கில் வைத்து, உண்மையான இரண்டாம் கல்லை உச்சிக்கு ஏற்றியிருந்தார்கள். இரண்டும் ஒரே செந்நிறமாதலால் எது முடிக்கல் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

எழுதியவர் யார் என்று முதலாளி ஜேர்மனில் கேட்டார்.

உடன் வேலைசெய்த யாழ்ப்பாணத்தவர் என் காதோடு சொன்னார்: “அண்ணை, வாயைத் திறவாதேங்கோ. எங்கட பழைய எண்ணிலையும் அது ரெண்டுதானே! பிள்ளையாரே வந்து சாட்சி சொன்னாலும் எடுபடாது.”

“அவற்ற சுழியைப் போட்டிட்டு ஒளிக்கச் சொல்லுறீரோ? நான்தான் எழுதினனான் எண்டு சொல்லும்” என்றேன்.

அவர் பெருமூச்சோடு மொழிபெயர்த்தார். முடிக்கல் எது என்று எனக்கு எப்படித் தெரியும் என முதலாளி வினவினார். கழுவும்போது மற்றக் கற்களின் நீர் கலங்கி ஓடியது, இதன் நீர் மட்டும் தெளிவாக ஓடியது என்றேன்.  முதலாளி, நீங்களே அடுக்குங்கள் என்று கையுறையைக் கழற்றித் தந்தார்.

“கல்லுக் கழுவ வந்த மனிசன் மலை கட்டுறார்!” என்றார் யாழ்ப்பாண நண்பர்.

மாலைக்குள் கட்டி முடித்தேன். குடம் குடமாக நீர் வார்த்தும் உச்சி அசையவில்லை. திங்கள் முதல் கல் அடுக்குவோரோடு நில்லுங்கள் என்று முதலாளி அன்றே சொன்னார். என் கையால் எழுந்த குன்று அது என்று சொல்ல இன்றும் என் நெஞ்சு நிமிர்கின்றது.

இதைப் படிக்கும் யாவர் மனையிலும் குமரன் அருள் குறைவின்றி நிலைப்பதாக.