வாலைச் சுருட்டுவது

மாட்டுங்காவில் ராமாயண உபன்யாசம். ஆபீஸ் முடிந்து நேராக மண்டபத்துக்கு வரும் ஆண்கள் தூணுக்குப் பின்னால் நின்று, பேண்ட்டின் மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டு பேண்ட்டை உருவுகிறார்கள். மெட்ராஸ்காரனான எனக்கு இது புதுசு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவிடம் ஏன் என்று கேட்கிறேன்.

"வேட்டியைப் பார்த்தா 'லுங்கிவாலா, ஊருக்குப் போ'ன்னு இந்த ஊர்க்காரன் கல்லை விட்டெறியறான் சார். திரும்பிப் போறச்சே மறுபடி பேண்ட்தான். பாகவதரே வாரம் பூரா சொல்லிண்டிருக்கார், காலம் சரியில்லை, வாலைச் சுருட்டிண்டு இருங்கோன்னு."

மேடையில் அனுமன் ராவணன் சபைக்கு வந்துவிட்டான். அந்த நேரம் பார்த்துத் தெருவில் 'லுங்கிவாலா' கோஷம் கேட்கிறது. ஒருவர் ஜன்னலைச் சாத்த எழுகிறார். பாகவதர் கையமர்த்துகிறார்.

"திறந்தே இருக்கட்டும். ராவணன் ஆசனம் போடலை. அனுமார் என்ன பண்ணினார்? வாலைச் சுருட்டினார்! சுருட்டிச் சுருட்டி, சிம்மாசனத்தைவிட ஒசரமா அடுக்கி, அது மேலே ஜம்முனு உட்கார்ந்தார். வாரம் பூரா நான் அதைத்தானே சொன்னேன்? நீங்கன்னா தப்பாப் புரிஞ்சுண்டேள்!"

அவர் சொன்னது அதுவல்ல என்று எல்லோருக்கும் தெரியும். மண்டபம் அதிரச் சிரிக்கிறது.

மங்களம் பாடி முடிந்ததும் தூணுக்குப் பின்னால் யாருமே போகவில்லை. வேட்டிகள் மொத்தமாகத் தெருவில் இறங்க, கோஷம் போட்டவர்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். குமாஸ்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுரோட்டில் ஸ்டேஷனுக்கு நடக்கிறார். அவர் கைப்பையில் பேண்ட் சுருண்டு கிடக்கிறது.