பளிச்சென்று ஒரு காப்பகம்

தையல் தொழிற்சாலைக்குப் பின்னால், மூடிப்போன சைக்கிள் கடை ஒன்றில் குழந்தைகள் காப்பகம் நடத்தியவளை எல்லோரும் ‘உஷ் அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். தூங்கும் குழந்தைகளுக்கு நடுவில் வருஷக்கணக்காகப் புழங்கியதில் அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. கோபம் வந்தாலும் கிசுகிசுப்புதான். அந்தக் கிசுகிசுப்பில் திட்டு வாங்குவது எவ்வளவு மோசம் என்பது, நேரம் கழித்து வந்து பிள்ளையைத் தூக்கிப்போகும் அம்மாக்களுக்குத் தெரியும்.

அவளைத் தியாகி என்று சொல்வதற்கில்லை. சம்பளத்துக்குத்தான் வேலை பார்த்தாள். சம்பளமும் கடை வாடகையும் பாலும் அரசாங்க உதவித்தொகையிலிருந்து வந்தன. புருஷன் போனபின் அவள் வீட்டில் அடுப்பெரிந்தது அதில்தான். அவனுடைய தங்கை, அவளுக்கு நாத்தனார், காப்பகத்தில் சமையல் செய்தாள்.

அந்த உதவித்தொகை சில காலமாக இழுத்தடித்தது. கடைசியில் பணத்துக்குப் பதில் தகவல் வந்தது. அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். குழந்தைகள் வராத காப்பகங்களுக்கு இனி உதவி கிடையாது.

அந்தக் கடைசி விஷயம் உஷ் அக்காவை உறுத்தவே இல்லை. தலைமாடு கால்மாடாகப் பிள்ளைகள் படுத்துக்கிடக்கும் அறை அது. அவள் கவலையெல்லாம் சுவரைப் பற்றி. எட்டிய உயரம்வரை கிறுக்கல், அதன்மேல் மூக்குச்சளி. முந்தின நாள் சாயங்காலம் வாசலில் அம்மாக்களை நிறுத்திச் சொன்னாள்.

“நாளைக்கு ஆபீசர் வர்றாங்க. இடம் பளிச்னு இருக்கணும். இதுல கோட்டை விட்டா நான் கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான். பார்த்து நடந்துக்குங்க.”

பிள்ளைகளைக் கட்டாயம் கொண்டுவந்து விடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. மூச்சு விடச் சொல்லி யாராவது யாருக்காவது நினைவூட்டுவார்களா? நமக்கு மிகத் தெளிவாகத் தெரிவதைத்தான் நாம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

மறுநாள் காலை சுவர் வெளுத்திருந்தது, பாய்கள் மடிந்திருந்தன. பால்குடி மறவாத, தவழக்கூடத் தெரியாத இரண்டு சிசுக்கள் மட்டும் தூங்கின.

“என்ன அண்ணி, ஒண்ணையும் காணோம்? ராத்திரியோட ராத்திரியா எல்லாம் வளர்ந்து கல்யாணம் பண்ணிக்கிச்சா?” என்றாள் நாத்தனார்.

அம்மாக்களில் ஒருத்தி, பட்டன் தைக்கிறவள், வேலைக்குப் போகிற வழியில் எட்டிப்பார்த்தாள். முகம் கொள்ளாத பெருமை.

“கவலைப்படாதீங்கக்கா, ஒரு வாண்டுகூட வராது. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இதுங்க வந்தா சுவத்துல கை வைக்கும், நடுவுல ஒண்ணுக்குப் போகும். ஆபீசர் முன்னாடி உங்க மானம் போகக் கூடாது பாருங்க.”

“அடிப் பாவி! பிள்ளைங்க எங்கடி?” என்றாள் உஷ் அக்கா. அதுவும் காற்றாகத்தான் வந்தது.

“அங்கங்க விட்டிருக்கு. இஸ்திரி போடுறவளுக்குத்தான் யாரும் இல்ல, உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கா. ஒரு நாள்தானேக்கா.”

தொழிற்சாலை மணி அடித்தது. அவள் ஓடிவிட்டாள். அவள் போன வழியிலேயே அதிகாரியின் கார் வந்து நின்றது.

இறங்கிய அதிகாரி அம்மாள் பொல்லாதவள் இல்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். “இவ்வளவு சுத்தமான காப்பகத்தை நான் பார்த்ததே இல்ல. பிள்ளைங்க எங்க?”

“உங்களுக்குப் பயந்து ஒளிச்சு வச்சிருக்காங்க மேடம்” என்றாள் நாத்தனார். உண்மையைத்தான் சொன்னாள், அது பொய்யைவிட மோசமாகக் கேட்டது.

“இருக்கலாம்மா. கண்ணால பார்க்காததை இருக்குன்னு நான் எப்படிச் சொல்றது?”

“ஒரு டீ குடிங்க மேடம். அதுக்குள்ள கூட்டிட்டு வந்துடுறேன்” என்று உஷ் அக்கா செருப்பில்லாமல் ஓடினாள்.

முதலில் வந்தது இஸ்திரிக்காரியின் வீடு. கதவில் பூட்டு. கதவை ஒட்டிய ஜன்னலில், உள்பக்கமாக, அவள் மகள் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். ஏறி நின்ற ஸ்டூல் கீழே கவிழ்ந்து கிடந்தது. அதன் கால்கள் மேலே பார்த்தபடி இருந்தன. அழுது அழுது குழந்தைக்குத் தொண்டை கட்டியிருந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக வழுக்கின.

உஷ் அக்கா கம்பிகளுக்கு நடுவே இரண்டு கைகளையும் விட்டு அக்குளில் தாங்கிப் பிடித்தாள். கீழே ஸ்டூலின் கால்கள், உள்ளே இறக்கிவிட வழியில்லை; நடுவே கம்பி, வெளியே எடுக்கவும் வழியில்லை. தெரு முழுக்கப் பூட்டிய கதவுகள். எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

டீ குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கார் கிளம்பும் சத்தம் கேட்டது. தெருமுனையில் அது திரும்பியது. நில்லுங்க மேடம், இதோ ஒரு பிள்ளை, இதைப் பாருங்க! வாயை முழுக்கத் திறந்தாள். கூட இருந்த குழந்தை திடுக்கிடாத அளவுக்குத்தான் குரல் வந்தது. அந்தக் குரலை அவளே இத்தனை வருஷம் பழக்கி வைத்திருந்தாள்.

கார் போய்விட்டது.

“அக்கா, வலிக்குது” என்றது குழந்தை.

“உஷ். அக்கா பிடிச்சிருக்கேன்ல.”

பழகிய அந்தச் சத்தத்தைக் கேட்டதும் குழந்தை கம்பியில் கன்னத்தைச் சாய்த்துத் தூங்கத் தொடங்கியது. தூங்கத் தூங்க அதன் பாரம் கூடியது. அடுத்த மணி அடிக்க இன்னும் வெகுநேரம் இருந்தது.