தங்கைக்கு நான் தேர்ந்த பல்கலைக்கழகம்

என் தங்கை கௌசல்யாவின் பொறியியல் படிப்பைக் கெடுத்தவன் நான். வேறு யாருமல்ல... நானேதான்!

இதை வாசிக்கும் நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்லத் துணிகிறேன்.

டிக்கோயாவுக்கு மேலே, அப்பா வேலை செய்யும் தேயிலைத் தோட்டம்தான் எங்கள் ஊர். அங்கிருந்து பொறியியல் பீடத்துக்குப் போன முதல் ஆள் நான். எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் என் படத்தோடு பதாகை கட்டினார்கள். மழையில் சாயம் போன பிறகும் அப்பா அதைக் கழற்ற விடவில்லை.

ஆனால் தமிழில் படித்துப் போன எனக்கு ஆங்கில விரிவுரைகள் பிடிபடவில்லை. முதல் வருடப் பரீட்சையில் தோற்றேன். மறுபடியும் எழுதினேன்; மறுபடியும் தோற்றேன். வகுப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டு, பல்கலைக்கழகம் இருந்த நகரத்திலேயே போன் திருத்தும் கடையொன்றில் சேர்ந்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

அந்த வருடம்தான் கௌசல்யாவின் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தது. என்னைவிட நல்ல புள்ளி! பல்கலைக்கழகங்களை விருப்ப வரிசையில் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். நான் விடுமுறை என்று சொல்லி வீட்டுக்கு வந்திருந்தேன். படிவத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒங்க கெம்பஸையே மொதல்ல போடுறேன். மூணு மணித்தியாலத்துல வீட்டுக்கு வந்துறலாம். நீங்களும் இருக்கீங்க."

அவள் அங்கே வந்தால் ஒரே நாளில் எல்லாம் வெளிப்பட்டுவிடுமே!

"அங்க வேணாம்மா. சீனியர்மாரோட பகிடிவத, அதான் ராகிங், தாங்க முடியாது. பொம்பளப் புள்ளைங்க அழுதுகிட்டே கெடக்காங்க. தூரமா இருந்தாலும் நீ ரெண்டாவதா போட்டிருக்கிற எடம்தான் நல்லம்" என்றேன்.

அப்படி எதையும் நான் அங்கே கண்டதில்லை. அவளோ ஒரு கேள்வியும் கேட்காமல் வரிசையை மாற்றினாள். ஒரு நாள் முழுதும் பயணம் செய்து போகவேண்டிய அந்த இடமே அவளுக்குக் கிடைத்தது.

மூன்றாவது வாரம் போனில் அழுதாள். "சீனியர்மாரு ரொம்பப் படுத்துறாங்க அண்ணே... அங்கயும் இப்படித்தானா? ஒங்க கெம்பஸுக்கு மாத்தித் தரச் சொல்லிக் கேக்கட்டுமா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்! என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"இங்க அதவிட மோசம்."

இரண்டு மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்தாள். செய்தி கேட்டு நானும் வீட்டுக்குப் போனேன். "என்னால முடியலப்பா" என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். இரண்டு வருடமாக என் வாயில் வராத சொற்கள்...

அப்பா கத்தினார். "ஒங்க அண்ணனப் பாரு! இதவிட மோசமான எடத்துல பொறுத்துப் படிக்கிறான்ல?"

நான் அவர் அருகிலேயே இருந்தேன். தலைகுனிந்துகொண்டேன். அதை அவர் அடக்கம் என்று நினைத்தார்.

இன்று அவள் ஹட்டனில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். நான் கொழும்பில் பொறியியலாளன் என்று வீடு நம்புகிறது. நான் இன்னும் போன்களைத்தான் திருத்துகிறேன்.

போன தீபாவளிக்கு, என்னை வழியனுப்ப பஸ் நிறுத்தம்வரை வந்தாள்.

"நீங்க அன்னைக்கே எச்சரிச்சீங்க அண்ணே. எனக்குத்தான் ஒங்க அளவு தைரியம் இல்ல."

சொல்லிவிட வாய் திறந்தேன்... சத்தியமாகத் திறந்தேன்!

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.