ஃபோனை யாரும் தூக்கக் கூடாது

கடையில் பழைய ஃபேக்ஸ் மெஷின் கீச்சிட்டதும் சின்ன வயது நினைவு வந்தது. துபாயில், கராமா பகுதியில் இருந்த எங்கள் வீட்டில், அப்பா இன்டர்நெட் போடும்போது மோடமும் இப்படித்தான் கத்தும். ஃபோனுக்கும் அதற்கும் ஒரே லைன்; ஃபைல் போய்க்கொண்டிருக்கையில் யாராவது ஃபோனைத் தூக்கினால் லைன் அறுந்துவிடும். முதலிலிருந்து அனுப்ப வேண்டும்.

அன்று அப்பா, "ஊருக்குப் படம் அனுப்புதேன். ஃபோனை யாரும் தொடாம பாத்துக்கோ மக்களே" என்றார். ஆஸ்பத்திரி டூட்டி விஷயமாக ஃபோன் பேச வந்த அம்மாவைக்கூட நான் விடவில்லை. அறுந்துவிடுமோ என்ற பயத்தில் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு, ரிசீவரை அழுத்திப் பிடித்தே உட்கார்ந்திருந்தேன்.

மறுவாரம் அம்மா என் சட்டைகளை மட்டும் பெட்டியில் அடுக்கினாள். அன்று போனது படமில்லை. என்னை நாகர்கோவில் ஹாஸ்டலில் சேர்ப்பதற்கான சான்றிதழ்கள்.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

அப்பா பெட்டியின் பூட்டைச் சரிபார்த்தபடி சொன்னார்: "சொன்னா நீ ஃபோனைத் தூக்கியிருப்பல்லா."