இரண்டாவது வெள்ளை

சுண்ணாம்பு கொதிக்கிற வாடை எங்கே வந்தாலும் இன்றைக்கும் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். பொங்கலுக்கு முந்தைய வாரம் எங்கள் மீனவக் குப்பத்தில் வீட்டுக்கு வீடு கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். அது புஸ்ஸென்று பொங்கி, மூக்கைச் சுடும் ஆவியை விடும். மற்றவர்களுக்கு அது பண்டிகையின் வாடை. எனக்கு எட்டு வயதில் நான் செய்த காரியத்தின் வாடை.

எங்கள் குப்பம் ஆலம்பரைக் கோட்டையை ஒட்டி இருந்தது. இப்போது சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து காரில் வருகிறவர்கள் அந்த இடிந்த செங்கல் சுவர்களில் சாய்ந்து படமெடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஆட்கள் அந்தக் கோட்டையைக் கடலிலிருந்துதான் பார்த்தார்கள். அதன் வடக்கு மூலைச் சுவரில், உயரத்தில், ஒரு பாயளவுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்கள். அதற்குப் பெயரே "வெள்ளை". கரை திரும்பும் படகு அதற்கு நேராக வந்தால் முகத்துவாரத்துக்குள் சுகமாக நுழையலாம். தெற்கே கொஞ்சம் விலகினால் தண்ணீருக்கடியில் மணல்திட்டு. "வெள்ளைக்கு நேரா வந்தா வூட்டுக்கு வந்துடலாம்" என்பார் என் அப்பா. நைனா என்றுதான் நான் கூப்பிடுவேன். எங்கள் படகில் சுக்கான் பிடிப்பவர் அவர். மற்ற படகுகள் அவர் பின்னால்தான் வரும்.

கோட்டையின் இடிந்த அறைகளைப் பிள்ளைகள் நாங்கள் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டு வைத்திருந்தோம். என் "வூடு" தெற்குப் பக்கம், கடலைப் பார்த்த ஒற்றைச் சுவர். போகிக்கு முதல் நாள் மாலை, அம்மா அடித்து மீந்த சுண்ணாம்பை வாளியோடு தூக்கிக்கொண்டு போய், செங்கல் குவியலின் மேல் ஏறி நின்று, அந்தச் சுவருக்குக் கை எட்டின மட்டும் அடித்தேன். நைனா கடலில் இருந்தார். விடிந்து அவர் திரும்பும்போது என் வீடு பளிச்சென்று அவர் கண்ணில் பட வேண்டும் என்பதைத் தவிர சத்தியமாக எனக்கு வேறு எண்ணம் இல்லை.

மறுநாள் மார்கழிப் பனியோடு, குப்பத்தில் கொளுத்திய பழைய பாய்களின் புகையும் வடக்குப் பக்கமாகச் சேர்ந்துகொண்டதில் அந்த மூலை மறைந்து, தெற்கே என் சுவர் மட்டும் தெரிந்தது. நைனாவின் படகு என் சுவருக்கு நேராக வந்து, திட்டில் ஏறிக் கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்தி வந்துவிட்டார்கள். நைனாவின் தம்பி மூர்த்தி சித்தப்பா மட்டும் படகுக்கும் திட்டுக்கும் நடுவில் சிக்கி இடுப்பு நொறுங்கிக் கிடந்தார்.

"வெள்ளையப் பாத்துதான் வுட்டேன்" என்று நைனா ஈரத்தோடு நின்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"வெள்ள அங்க கீது, நீ இங்க வந்துகீற. இன்னா அண்ணாத்த, ஊத்திகினு வந்தியா?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

எனக்குப் புரிந்துவிட்டது. எல்லோரும் சித்தப்பாவைச் சுற்றி நின்ற நேரத்தில் கோட்டைக்கு ஓடினேன். உப்பங்கழியிலிருந்து சேற்றை அள்ளி அள்ளி, இன்னும் காயாத சுண்ணாம்பின் மேல் அப்பித் தேய்த்தேன். விரல் நுனிகளில் தோல் உரிந்தது. உச்சி வேளையில் நைனா நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்தபோது, கோட்டையில் ஒரே ஒரு வெள்ளைதான் இருந்தது. அவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கைகளைப் பாவாடையில் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன்.

சித்தப்பா அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. நைனா போனார், ஆனால் சுக்கானை யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை. வாயில் ஒரு சொட்டு வைக்காத மனிதருக்குக் குடிகாரர் என்று பெயர் வந்தது. கண்ணில் கோளாறோ என்று செங்கல்பட்டு போய்க் காட்டினார். கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டு வந்த அன்று அவர் சாப்பிடவில்லை. வருஷா வருஷம் போகியன்று ஒரு புது வேட்டியை எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போய்த் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். அடி விழுமென்ற பயத்தில் வாயை மூடிய நான், வளர்ந்த பிறகு வெட்கத்தில் மூடிக்கொண்டேன். எனக்கே என்னைப் பிடிக்காமல் போன விஷயம் இது.

இந்தப் போகிக்கு நைனாவைக் கோட்டைக்கு அழைத்துப்போய், வாளியில் தொடங்கிச் சேறுவரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வடக்கு மூலையில் இப்போது வெள்ளை இல்லை. படகுக்காரர்கள் போனில் வழி பார்த்து வருகிறார்கள். 

"எந்தச் செவுரு?" என்றார் நைனா.

கை காட்டினேன். அந்தச் சுவர் என்றோ ஒரு புயலில் அடியோடு சரிந்து, அங்கே மணலும் அடப்பங்கொடியும்தான் கிடந்தன. அவர் அந்த இடத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கோசரம் பொய் சொல்லாத கண்ணு" என்றார். "தப்பு என்னுதுதான்."

நான் எவ்வளவோ சொன்னேன். அழுதேன்கூட. அவர் என் தலையைத் தடவிவிட்டு, வேட்டிப் பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"வா, மூர்த்தி துன்னாம காத்துகினு இருப்பான்" என்று சொல்லி முன்னால் நடந்தார்.